நின்றபடியே பறக்கும் விந்தை

ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது? குழந்தைகள் கேட்கும் ஆறு கேள்விகளுக்கு எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். ஏழாவது கேள்விக்குப் பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

விமானம் நடுவானில் நின்றால் விழுந்துவிடும். ஹெலிகாப்டரோ நடுவானில் நிற்பதற்காகவே பிறந்தது.

2018 ஆகஸ்டு 17. கேரளம் வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தது. ஆலுவா பகுதியில் ஒரு வீட்டில் நிறைமாத கர்ப்பிணி ஒருவர். பனிக்குடம் உடைந்துவிட்டது. சாலை இல்லை, படகு வர வழியில்லை. கமாண்டர் விஜய் வர்மா ஓட்டி வந்த கடற்படை ஹெலிகாப்டர் அந்த வீட்டுக்கு மேலே வந்து அந்தரத்தில் நின்றது. முதலில் ஒரு டாக்டரைக் கயிற்றில் கீழே இறக்கினார்கள். பெண்ணைத் தூக்கலாம் என்று அவர் சொன்ன பிறகு, பெண் கயிற்றில் மெல்ல மேலே ஏறினார். சில மணி நேரத்தில் கொச்சி கடற்படை மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. பிறகு அந்த வீட்டு மொட்டை மாடியில் யாரோ வெள்ளைப் பெயிண்டால் பெரிதாக 'நன்றி' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள்.

அந்தச் சில நிமிடங்கள் ஹெலிகாப்டர் செய்தது ஒன்றுதான். நகராமல் நின்றது. மனிதன் செய்த பறக்கும் இயந்திரங்களில் இந்த வித்தை தெரிந்தவை மிகக் குறைவு. தெருவில் 'தடதட' சத்தம் கேட்டதும் குழந்தைகள் வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்ப்பதில் ஆச்சரியமில்லை. அவர்களின் கேள்விகளும் நியாயமானவைதான்.

ஏன் கீழே விழவில்லை?

பதில் வீட்டுக் கூரையிலேயே தொங்குகிறது. மின்விசிறி காற்றைக் கீழே தள்ளுகிறது. விசிறி காற்றைக் கீழே தள்ளும்போது, காற்றும் விசிறியை அதே வலுவோடு மேலே தள்ளுகிறது. நீச்சல் குளத்தின் சுவரைக் காலால் உதைத்தால் உடம்பு எதிர்ப்பக்கம் பாய்கிறதே, அதே கதைதான். கூரை விசிறியின் எடை அதிகம், உதைக்கும் வலு குறைவு. அதனால் அது கொக்கியை விட்டு எழும்புவதில்லை. எடையை மிஞ்சும் அளவுக்குக் காற்றைத் தள்ளும் விசிறி ஒன்று இருந்தால் அது கிளம்பிவிடும். அதுதான் ஹெலிகாப்டர்.

விமானமும் காற்றைக் கீழே தள்ளித்தான் பறக்கிறது. ஆனால் அதன் இறக்கை உடம்போடு ஒட்டியது. இறக்கை காற்றில் ஓட வேண்டுமானால் விமானம் முழுவதும் ஓட வேண்டும். அதற்குத்தான் மைல் கணக்கில் ஓடுபாதை. ஹெலிகாப்டரில் உடம்பு நிற்கிறது, இறக்கை மட்டும் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. உச்சியில் சுழலும் அந்த நீண்ட தகடுகள் ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு மெல்லிய இறக்கை. எல்லாம் சேர்ந்ததற்கு ரோட்டார் என்று பெயர்.

இந்திய ராணுவத்தின் பழைய நண்பனான சீட்டா ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். மூன்று தகடுகள். ரோட்டாரின் குறுக்களவு 11 மீட்டர். நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 சுற்று. வீட்டு மின்விசிறியின் வேகமும் கிட்டத்தட்ட அதுவே! வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது. விசிறியின் முனை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுற்றினால், சீட்டாவின் தகட்டு முனை மணிக்கு 700 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் காற்றை வெட்டுகிறது.

வாலில் எதற்குச் சின்ன விசிறி?

சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, தோள்களைச் சட்டென்று வலப்பக்கம் திருப்பினால் இடுப்பும் நாற்காலியும் இடப்பக்கம் திரும்பும். ஹெலிகாப்டருக்கும் இதே தொல்லை உண்டு. இன்ஜின் ரோட்டாரை ஒரு பக்கமாகச் சுற்றினால், உடம்பு மறுபக்கமாகச் சுற்றப் பார்க்கும். தடுக்காவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பம்பரம்போல் சுழல வேண்டியதுதான்.

வாலின் நுனியில் பக்கவாட்டில் சுழலும் சின்ன விசிறி அந்தத் திருகலை எதிர்த்துத் தள்ளி உடம்பை நேராக நிறுத்துகிறது. விமானி விரும்பினால் அந்தத் தள்ளலைக் கூட்டிக் குறைத்து மூக்கை எந்தப் பக்கமும் திருப்பலாம். வால் விசிறி பழுதானால் ஹெலிகாப்டருக்கு உயிர்ப் பிரச்சினை.

வால் விசிறியே இல்லாத ஹெலிகாப்டர்களும் உண்டு. 2019 மார்ச்சில் சண்டிகரில் இந்திய விமானப்படையில் சேர்ந்த அமெரிக்கச் சினூக், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு பெரிய ரோட்டார்களைச் சுமக்கிறது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் சுற்றுவதால் ஒன்றின் திருகலை மற்றது அடித்துவிடுகிறது.

விமானி எப்படி ஓட்டுகிறார்?

இரண்டு கைகளும் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். இடக்கையில் இருப்பது 'கலெக்டிவ்' என்ற நெம்புகோல். அதைத் தூக்கினால் எல்லாத் தகடுகளும் ஒரே அளவில் சாய்ந்து, அதிகக் காற்றைத் தள்ளும். ஹெலிகாப்டர் மேலே ஏறும். இறக்கினால் இறங்கும். வலக்கையில் 'சைக்ளிக்' என்ற தடி. அதை முன்னால் சாய்த்தால் ரோட்டாரின் வட்டமே முன்னால் சாய்ந்து, ஹெலிகாப்டர் முன்னே போகும். பின்னால் இழுத்தால் பின்னே, பக்கவாட்டில் சாய்த்தால் பக்கவாட்டில். கால்களின் கீழே இரண்டு பெடல்கள். அவைதான் வால் விசிறிக்குக் கட்டளை இடுகின்றன.

ஒரு புதிர் மிச்சமிருக்கிறது. விமானியின் கை அசையாமல் இருக்கிறது, தகடுகளோ தலைக்கு மேலே வெறிபிடித்துச் சுழல்கின்றன. கையின் கட்டளை சுழலும் தகட்டுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? இங்கேதான் 'ஸ்வாஷ் பிளேட்' வருகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டத் தட்டுகள். நடுவில் பேரிங். கீழ்த்தட்டு சுழலாது, விமானியின் தடியோடு இணைந்து சாயும். மேல்தட்டு தகடுகளோடு சேர்ந்து சுழலும். கீழ்த்தட்டு சாய்ந்தால் மேல்தட்டும் சாயும். தகடு ஒவ்வொன்றும் சுற்றி வரும்போது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையின் கடைசிப் பகுதியில் மீண்டும் வரும்.

அந்தரத்தில் நிற்பதுதான் பயிற்சி விமானிக்குப் பெரிய சோதனை. கலெக்டிவைத் தூக்கினால் திருகல் கூடும், உடனே பெடலை மிதிக்க வேண்டும். பெடலை மிதித்தால் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் நகரும், உடனே சைக்ளிக்கைத் திருத்த வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு ஹெலிகாப்டர் அசையாமல் நிற்கிறது. உள்ளே விமானியின் கையும் காலும் ஒரு வினாடிகூட ஓய்வதில்லை.

யார் கண்டுபிடித்தது?

ஒருவர் அல்ல. லியனார்டோ டாவின்சி 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், காற்றில் திருகாணிபோல் ஏறும் இயந்திரம் ஒன்றை வரைந்து வைத்தார். வரைந்ததோடு சரி. 1907இல் பிரான்சில் பால் கார்னு என்ற சைக்கிள் வியாபாரி இரண்டு ரோட்டார்கள் வைத்த வண்டியில் தரையிலிருந்து கொஞ்சம் எழும்பியதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் அதை இஷ்டப்படி ஓட்ட முடியவில்லை.

எழும்புவதைவிட முன்னே போவதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. ஹெலிகாப்டர் முன்னே போகும்போது ஒரு பக்கத்துத் தகடு காற்றை எதிர்த்து வருகிறது, மறுபக்கத்துத் தகடு காற்றோடு பின்வாங்குகிறது. எதிர்த்து வரும் பக்கம் தூக்கும் வலு கூடி, வண்டி மறுபக்கம் கவிழ்ந்துவிடும். தகடுகளைக் கீலில் மாட்டி, தேவைக்கேற்ப மேலும் கீழும் அசையவிட்டால் போதும் என்று ஸ்பெயினின் யுவான் டெ லா சியர்வா கண்டுபிடித்தார். 1923இல் அவருடைய 'ஆட்டோகைரோ' பறந்தது. கதவுக் கீல் போன்ற ஒரு சின்ன விஷயம், ஒரு பெரிய முட்டுக்கட்டையை நீக்கியது.

கியெவ் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இகோர் சிகோர்ஸ்கி 1939 செப்டம்பர் 14இல் தன் விஎஸ்-300 ஹெலிகாப்டரைத் தரையோடு கயிற்றால் கட்டிவைத்து எழுப்பிப் பார்த்தார். மேலே ஒரு பெரிய ரோட்டார், வாலில் ஒரு சின்ன விசிறி. இன்றைக்கும் பெரும்பாலான ஹெலிகாப்டர்களின் உருவம் அதுதான்.

போர்க்களத்தில் ஹெலிகாப்டர் முதன்முதலில் உயிர் காத்த கதை இந்திய மண்ணில் தொடங்குகிறது. 1944 ஏப்ரல். பர்மாவில் ஜப்பானியப் படைகளின் எல்லைக்குள் ஒரு சிறு அமெரிக்க விமானம் விழுந்துவிட்டது. விமானியும் காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களும் காட்டில் தவித்தார்கள். அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து சிகோர்ஸ்கியின் ஆர்-4 ரக ஹெலிகாப்டரில் கிளம்பினார் கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் அமெரிக்க அதிகாரி. புழுக்கம் நிறைந்த அந்தச் சூட்டில் அவரால் ஒரு நடைக்கு ஒருவரை மட்டுமே தூக்க முடிந்தது. இரண்டு பேரைக் காப்பாற்றியதும் இன்ஜின் கொதித்துப் படுத்துவிட்டது. ஓர் இரவு காத்திருந்து மறுநாள் மற்ற இருவரையும் தூக்கி வந்தார்.

ஒரு நடைக்கு ஒருவர்தான். ஏன்? அந்த விடை ஆறாவது கேள்வியில் இருக்கிறது.

நடுவானில் இன்ஜின் நின்றுவிட்டால்?

கல்லைப்போல் விழும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மகோகனி மரத்தின் இறக்கை முளைத்த விதை எப்படி விழுகிறது? சுழன்று சுழன்று, நிதானமாக. இன்ஜின் நின்றதும் விமானி கலெக்டிவை இறக்கிவிடுவார். ஹெலிகாப்டர் இறங்கும்போது கீழிருந்து வரும் காற்று, காற்றாடியைச் சுற்றுவதுபோல் ரோட்டாரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். தரைக்குச் சற்று மேலே, சரியான நொடியில் கலெக்டிவைத் தூக்கினால், சுழலும் ரோட்டாரில் மிச்சமிருக்கும் வலு ஹெலிகாப்டரை மெல்ல இறக்கிவிடும். இதற்கு 'ஆட்டோ ரொட்டேஷன்' என்று பெயர்.

1972 ஜூன் 21 அன்று பிரெஞ்சு விமானி ஜான் புலே, லாமா என்ற ஹெலிகாப்டரை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு போனார். உலக சாதனை. உச்சியில் இன்ஜின் அணைந்தது. அங்கிருந்து தரை வரை, இன்ஜின் இல்லாமல் காற்றை மட்டும் நம்பி அவர் பத்திரமாக இறங்கினார்.

இந்த முறைக்கு இரண்டு தேவைகள் உண்டு. போதிய உயரம் வேண்டும், இறங்கச் சமதளம் வேண்டும். மலை முகட்டை உரசிப் பறக்கும் விமானிக்கு இரண்டுமே கிடைப்பதில்லை.

எவ்வளவு உயரம் போகும்?

ஹெலிகாப்டர் காற்றைத் தள்ளி நிற்கிறது. ஆகவே தள்ளுவதற்குக் காற்று வேண்டும். உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் பாதிதான். தகடு அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளக் கிடைப்பது பாதியளவு. இன்ஜினும் அதே மெல்லிய காற்றைத்தான் சுவாசிக்கிறது, ஆகவே அதற்கும் மூச்சு வாங்கும். வெயில் ஏறினால் காற்று இன்னும் லேசாகிவிடும். பர்மாவின் சூட்டில் ஆர்-4 திணறியது இதனால்தான். மலைத் தளங்களில் விமானிகள் அதிகாலையிலேயே கிளம்புவதற்கு, குளிர்ந்த காற்று கனமானது என்பதும் ஒரு காரணம்.

முன்னோக்கிப் பறப்பது ஓரளவு சுலபம். நிற்பதற்குத்தான் வலு அதிகம் வேண்டும். ஹெலிகாப்டரின் பெருமையான அதே வித்தைதான் உயரத்தில் அதன் பலவீனமும்.

இந்தியாவுக்கு இது பாடப்புத்தக விஷயம் அல்ல. விமானப்படைக்கு முதல் ஹெலிகாப்டர்கள், சிகோர்ஸ்கி எஸ்-55 ரகம், 1954இல் வந்தன. பிரெஞ்சு உரிமத்தோடு பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்த சேத்தக் 1965இல் வந்தது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அதற்கு. ஆனால் இமயமலைக்கு அதைவிட உயரம் ஏறும் ஒன்று தேவைப்பட்டது. 1968இல் இந்தியப் படைகள் முன்வைத்த தேவைக்காகவே பிரான்சில் ஒரு ஹெலிகாப்டர் உருவானது. சிறிய அலுவெத்-2இன் லேசான உடம்பில், பெரிய அலுவெத்-3இன் இன்ஜினையும் ரோட்டாரையும் பொருத்தினார்கள். 1969இல் இமயமலையில் நடந்த சோதனையில் 7,500 மீட்டர் உயரத்தில் அது இறங்கி, மீண்டும் கிளம்பியது. பிரான்சில் அதன் பெயர் லாமா, ஜான் புலே சாதனை புரிந்த அதே ஹெலிகாப்டர். பெங்களூரில் தயாரானபோது அதற்கு வைத்த பெயர் சீட்டா.

1984 ஏப்ரல் 13 அன்று அதன் உண்மையான பரீட்சை வந்தது. சியாச்சின் பனிமலையைப் பிடிக்கும் 'ஆபரேஷன் மேகதூத்' தொடங்கிய நாள். காலை 5.30 மணிக்கு கேப்டன் சஞ்சய் குல்கர்னியையும் ஒரு வீரரையும் சுமந்துகொண்டு முதல் சீட்டா கிளம்பியது. போக வேண்டிய இடம் பிலாஃபோண்ட் லா கணவாய், ஏறக்குறைய 18,000 அடி. நண்பகலுக்குள் 17 நடை. இறங்கியவர்கள் 29 பேர். அதாவது ஒரு நடைக்கு இரண்டு பேர்கூட இல்லை. மெல்லிய காற்றின் கணக்கு அது. ஒரு பேருந்து ஒரே நடையில் இறக்கிவிடும் கூட்டத்தை இறக்கப் பாதி நாள் ஆனது.

அன்றிலிருந்து சியாச்சினின் உச்சி முகாம்களுக்கு மண்ணெண்ணெய், மருந்து, கடிதம் எல்லாம் ஹெலிகாப்டரில்தான் போகின்றன. அமர், சோனம் ஆகிய இரண்டும் உலகின் மிக உயரமான ஹெலிகாப்டர் இறங்குதளங்களாகப் பேசப்படுபவை. அங்கே ஒரு நடையில் ஒரு சீட்டா கொண்டு போகக்கூடியது சில பத்து கிலோ மட்டுமே. பெரும்பாலும் இன்ஜினை அணைப்பதில்லை. சுமையை இறக்கியதும் கிளம்பிவிடுகிறார்கள். 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வரும்வரை இதையெல்லாம் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவில் செய்தார்கள். 2004 நவம்பரில் விமானப்படையின் ஒரு சீட்டா, சாசெர் காங்ரி மலையில் 23,000 அடிக்கும் மேலே இறங்கிக் காட்டியது. அடுத்த ஆண்டு மே 14 அன்று பிரெஞ்சு விமானி டிடியே டெல்சால் வேறொரு ரக ஹெலிகாப்டரில் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியிலேயே இறங்கினார். மூன்று நிமிடம் 50 வினாடி அங்கே இருந்தார். எடையைக் குறைத்து, நல்ல வானிலைக்குக் காத்திருந்து செய்த சாதனை அது. சியாச்சின் விமானிக்கு வானிலையைத் தேர்ந்தெடுக்கும் வசதி எப்போதும் கிடைப்பதில்லை.

2016 பிப்ரவரி 3 அன்று, 19,600 அடி உயரத்தில் சோனம் முகாமின்மேல் பனிச்சரிவு விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஐந்து நாள் தோண்டிய பிறகு, 8ஆம் தேதி, கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு கிடைத்தார். மறுநாள் காலை ஹெலிகாப்டர் அவரைக் கீழே கொண்டுவந்தது. டெல்லி ராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று அவர் இறந்தார். நாடு முழுவதும் பிரார்த்தித்தும் பலனில்லை. ஆனால் உச்சி முகாமில் இருப்பவருக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு இயந்திரம்தான் என்பதை அந்த வாரம் எல்லோரும் பார்த்தார்கள்.

அப்படியானால் புதியது ஏன் வாங்கவில்லை?

இதுதான் ஏழாவது கேள்வி. சீட்டாவின் வடிவம் 1969இல் பறந்தது. ஒற்றை இன்ஜின். நவீன எச்சரிக்கைக் கருவிகள் இல்லை. மூடுபனியில் மலை எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் விமானியின் கண்தான் சொல்ல வேண்டும். அலுத்துப்போகாமல் உழைத்த அருமையான இயந்திரம் அது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இயந்திரத்துக்கும் வயது உண்டு. 2022 அக்டோபரில் தவாங் அருகே ஒரு சீட்டா விழுந்து விமானி ஒருவர் இறந்தார். 2023 மார்ச்சில் அருணாசலப் பிரதேசத்தில் மண்டலா அருகே இன்னொன்று. இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அதற்கு வெகு முன்பே ராணுவ விமானிகளின் மனைவியர் சிலர் ஒன்றுசேர்ந்து, பழைய ஹெலிகாப்டர்களை ஓய்வுபெறச் செய்யுங்கள் என்று, அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கரிடம் முறையிட்டிருந்தார்கள்.

மாற்று தேடாமலில்லை. 197 இலகு ஹெலிகாப்டர்களை வெளிநாட்டில் வாங்கும் முயற்சி 2007இல் ரத்தானது. மீண்டும் டெண்டர் விட்டார்கள். 2014 ஆகஸ்டில் அதுவும் ரத்து. 2015 டிசம்பரில் ரஷ்யாவோடு 200 காமோவ்-226டி ஹெலிகாப்டர்களுக்கு உடன்பாடு கையெழுத்தானது. அது வாங்கும் ஒப்பந்தமாகக் கனியவில்லை. ஒரு குழந்தை பிறந்து பள்ளியில் சேரும் காலம், கோப்புகள் மேசை மாறுவதிலேயே போயிற்று.

இன்னொரு பக்கம் பெங்களூரில் வேலை நடந்துகொண்டிருந்தது. உள்நாட்டிலேயே உருவான துருவ் 1992 ஆகஸ்டு 20இல் முதன்முதலில் பறந்து, 2002இல் படையில் சேர்ந்தது. இரண்டு இன்ஜின்கள். பின்னர் வந்த ரகங்களில், பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து மலைகளுக்காகவே உருவாக்கிய 'சக்தி' இன்ஜின். 1999 கார்கில் போரில் உயரத்தில் சண்டையிட ஏற்ற தாக்குதல் ஹெலிகாப்டர் நம்மிடம் இல்லை. அந்த மே 28 அன்று தோலோலிங் அருகே எம்ஐ-17 ஒன்று ஏவுகணைக்கு இரையாகி நான்கு பேர் இறந்தார்கள். அந்தப் போர் கற்றுத்தந்த பாடத்திலிருந்து பிறந்தது பிரசண்ட். 2022 அக்டோபர் 3இல் ஜோத்பூரில் அது விமானப்படையில் சேர்ந்தது. 2025 மார்ச்சில் 156 பிரசண்டுகளுக்கு ரூ.62,700 கோடி ஒப்பந்தம் கையெழுத்தானது.

சீட்டாவின் இடத்துக்கே குறிவைத்து உருவான இலகுப் பயன்பாட்டு ஹெலிகாப்டர் 2016 செப்டம்பர் 6இல் முதன்முதலில் பறந்தது. 2019இல் லே, தௌலத் பேக் ஓல்டி போன்ற உயர்மலைத் தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அதைத் தயாரிக்கும் கர்நாடகத்துத் துமகூரு தொழிற்சாலையை 2023 பிப்ரவரி 6 அன்று பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார்.

சொந்தமாகச் செய்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஒன்று விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 330 துருவ்கள் தரையில் நிறுத்தப்பட்டன. விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்ட உறுப்பு, ஸ்வாஷ் பிளேட். விமானியின் கையையும் சுழலும் தகட்டையும் இணைக்கும் அந்த இரட்டைத் தட்டுதான். அது உடைந்தால் தடி கையில் இருக்கும், ஹெலிகாப்டர் சொன்னதைக் கேட்காது. ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் மீண்டும் பறக்க அனுமதி கிடைக்க அந்த ஆண்டு மே மாதம் ஆனது. அந்த மாதங்களில் மலை முகாம்களின் சுமை வேறு ஹெலிகாப்டர்களின் தோளில் ஏறியது. வயதான சீட்டாவும் அவற்றில் ஒன்று.

சீட்டாவின் கதையைக் கேட்கும் குழந்தைக்கு இரண்டும் தெரியட்டும். இந்தியாவின் தேவைக்காகவே பிறந்து, உலகமே வியந்த உயரத்தில் இறங்கிய இயந்திரம் அது. அதை அரை நூற்றாண்டு கடந்தும் அதே உயரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மெல்லிய காற்று சலுகை காட்டாது. எடை எவ்வளவு, வலு எவ்வளவு என்று மட்டுமே அது பார்க்கும். டெண்டர் ரத்தான காரணத்தைக் கேட்காது.

இன்று ஹெலிகாப்டர் பொம்மைக்குச் சாவி கொடுக்கும் குழந்தைகளில் சிலர் நாளை அந்த இருக்கையில் உட்காரலாம். இன்னும் சிலர் துமகூரு போன்ற தொழிற்சாலைகளில் பேரிங்குகளைச் சோதிக்கலாம். பொம்மை நின்றால் திரும்பவும் சாவி கொடுத்துக்கொள்ளலாம். மலைமேல் ஒரு நடை போய்த் திரும்புவதற்கு, கீழே நூறு பேர் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும்.